திரை பெரிதாக வேண்டுமா, கணினி புதிதாக வேண்டுமா?

(சங்கரன்கோவிலில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் இல்லை. கணக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். ஆனால் ஒரு பள்ளியில் யார் கொஞ்சம் வேகமாகத் தட்டச்சு செய்கிறாரோ, அவர் தலையில்தான் எமிஸ் பதிவு முதல் பிரிண்டரில் தாள் சிக்குவது வரை எல்லாம் வந்து விழும். அது உங்களுக்கும் தெரியும். அப்படி விழுந்ததில் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. அண்மையில் அடிக்கடி வந்த கேள்வி இதுதான்: "சார், கையில கொஞ்சம் பணம் இருக்கு. புதுசா ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் வாங்கலாமா, இல்ல இருக்கிற லேப்டாப்புக்கே பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கி மாட்டினா போதுமா?"

ஆல் இன் ஒன் என்பது உங்களில் பலர் பார்த்ததுதான். திரையும் கணினியும் ஒரே பெட்டி. சிபியு தனியாகக் கிடையாது. மேசையில் வைத்தால் அழகாக இருக்கும். பிளக்கும் ஒன்றே ஒன்றுதான். மானிட்டர் என்பது வெறும் திரை. மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிள் போட்டால் அதில் இருப்பது இதில் பெரிதாகத் தெரியும். விலையில் நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கலாம். 24 அங்குல மானிட்டர் பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. உருப்படியான ஆல் இன் ஒன் நாற்பதாயிரத்துக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. நம் பள்ளிகளுக்கு வரும் மானியத்தில் நாற்பதாயிரம் சின்னத் தொகை இல்லை. சாக்பீஸிலிருந்து கழிப்பறைத் தூய்மை வரை அதற்குள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 50,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் ஆல் இன் ஒன்னுக்கு 48,000 என்று விலைப்புள்ளி கொடுத்துவிட்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், இப்ப இருக்கிற லேப்டாப்புல என்ன தொந்தரவு?" என்று கேட்டேன்.

"எழுத்தே தெரிய மாட்டேங்குது சார். அப்புறம் ரொம்ப மெதுவா இருக்கு."

"எப்ப மெதுவா இருக்கு?"

"ஆன் பண்ணினா வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆகுது. டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"வந்ததுக்கு அப்புறம்?"

"அப்புறம் பரவாயில்ல. எமிஸ் ஓடுது. வீடியோவும் ஓடுது."

இதில் இரண்டு நோய் இருக்கிறது. எழுத்து தெரியவில்லை என்பது திரையின் குறை. ஆன் ஆக நேரம் எடுப்பது, பெரும்பாலும் உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்கின் குறை. அந்த டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பத்து நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். செலவு சில ஆயிரம்தான். நம் ஊர்க் கடையிலேயே அரை நாளில் மாற்றித் தருவார்கள். கணினியின் மூளை, அதாவது பிராசஸர், நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டியவருக்கு மூளை அறுவைச் சிகிச்சை செய்யக் கிளம்பியிருக்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அது நியாயமான காரணம்.

முதலில் திரையைப் பற்றிப் பேசுவோம்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து நம் கைகளில் புழங்கும் மடிக்கணினிகளில் பல 14 அங்குலத் திரை கொண்டவை. அங்குலம் என்று சொல்வது மூலைவிட்டத்தை. எட்டாம் வகுப்புக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். வடிவம் ஒன்றாக இருந்தால், பரப்பளவு மூலைவிட்டங்களின் விகிதத்தின் வர்க்கமாக மாறும். 24-ஐ 14-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.94. பத்து அங்குலம்தான் கூடுதல், பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. 27 அங்குலமாக இருந்தால் 3.7 மடங்கு. கடையில் "மூணு இஞ்ச்தான சார் வித்தியாசம்" என்பார்கள். அந்த மூன்று அங்குலம் 24-லிருந்து பரப்பில் கால் பங்குக்கு மேல் கூட்டிவிடும்.

இன்னொன்று புள்ளிகளின் எண்ணிக்கை. பழைய மடிக்கணினித் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். இப்போதைய சாதாரண மானிட்டரில் 1920-க்கு 1080. பெருக்கினால் முன்னதில் சுமார் பத்தரை லட்சம், பின்னதில் சுமார் இருபது லட்சத்து எழுபதாயிரம். அதாவது மதிப்பெண் பட்டியலை எக்செல்லில் திறந்தால், பழைய திரையில் தெரிந்ததைப்போல இரண்டு மடங்கு கட்டங்கள் தெரியும். பெயர் ஒரு பக்கம், ஆறாவது பாடத்தின் மதிப்பெண் திரைக்கு வெளியே என்று இழுத்து இழுத்துப் பார்த்து, ஒரு வரி தவறி அடுத்த பிள்ளைக்கு மார்க் போட்டுவிடும் தொல்லை பெருமளவு குறையும். நாற்பதைத் தாண்டிய நமக்கு வெள்ளெழுத்து வேறு. பைஃபோகல் போட்டிருப்பவர்கள் மானிட்டரை உயரத்தில் வைக்காதீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டித் தலையை அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

சரி, இந்த மானிட்டரை வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்தலாமா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். மானிட்டர் மட்டுமில்லை, ஆல் இன் ஒன் வாங்கினாலும் இதே கதைதான். இரண்டும் 24 அங்குலம், 27 அங்குலம்தானே.

கண் பரிசோதனை முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். 6 மீட்டர் தள்ளி நிற்க வைத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார்கள். 6/6 என்கிற வரியில் இருக்கும் எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர். கண்ணில் குறை இல்லாத பிள்ளை உன்னிப்பாகப் பார்த்துப் படிக்கக்கூடிய எல்லை அது. பரிசோதனையில் ஒரு நிமிடம் அப்படிப் பார்க்கலாம். நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் பார்க்க முடியாது. அதிலும் பலகையில் இருப்பவை எளிய ஆங்கில எழுத்துகள். நம் ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழியில்தான் வேறுபாடு. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வேறு. ஆகவே கடைசி பெஞ்சு 6 மீட்டரில் இருந்தால் எழுத்து குறைந்தது இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். 24 அங்குலத் திரையின் உயரம் 30 சென்டிமீட்டர். வரிகளுக்கு இடையே இடைவெளியும் விட்டால் ஆறு வரி, மிஞ்சினால் ஏழு. ஆறு வரியில் என்ன பாடம் நடத்துவது? கரும்பலகையே மேல்.

எனவே முழு வகுப்புக்கும் காட்ட வேண்டும் என்பது உங்கள் தேவையானால், இந்த இரண்டுமே விடை இல்லை. 43 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள பெரிய திரை வேண்டும். தொடக்கப் பள்ளிகள் 22,931-இல் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் பணியை அரசு எடுத்துக்கொண்டது இதற்காகத்தான். அது வந்துவிட்ட பள்ளிகளில் இந்தக் கவலை இல்லை. மானிட்டரின் இடம் வேறு. ஆறேழு பிள்ளைகள் ஒன்றரை மீட்டருக்குள் அரைவட்டமாக உட்கார்ந்து பார்க்கும் குழுக் கற்றல், ஆசிரியரின் பதிவு வேலை, தனியாக ஒரு பிள்ளை செய்து பார்ப்பது, இவைதான்.

அந்தத் தனி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சொன்ன நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, குறைபார்வை உள்ளவள். முன் பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அப்படியும் புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துப் படிப்பாள். மடிக்கணினியில் ஏதாவது காட்டினால் குனிந்து முகத்தைத் திரைமேல் வைத்துவிடுவாள். மற்ற பிள்ளைகளுக்கு மறைக்கும். "ஏய், தள்ளு" என்பார்கள். அவள் பின்னால் போய்விடுவாள். பின்னால் போனபின் அவளுக்கு எதுவும் தெரியாது, கேட்கவும் மாட்டாள்.

பெரிய டிவி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார்கள். ஆகாது. கண்ணுக்குத் தோன்றும் அளவு, பொருளின் அளவை மட்டும் பொறுத்ததில்லை, தொலைவையும் பொறுத்தது. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 121 சென்டிமீட்டர். அதை 6 மீட்டரிலிருந்து பார்ப்பதைவிட, 53 சென்டிமீட்டர் அகலமுள்ள 24 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். அதோடு விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி வந்துவிடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னும் பெரிதாகும். இது இலவசம், எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும் என்று கை தூக்கச் சொன்னால் நமக்கே சங்கடமாக இருக்கும், விட்டுவிடுவோம்.

மடிக்கணினியிலும் உருப்பெருக்கி உண்டு. ஆனால் 14 அங்குலத்தில் நான்கு மடங்கு பெருக்கினால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சொல்தான் தெரியும். வாக்கியத்தின் தொடக்கத்தைப் படித்து முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். திரை அகலமாக இருந்தால் அதே பெருக்கத்தில் ஒரு வரி முழுதாக நிற்கும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது வேகமான பிராசஸர் இல்லை, அகலமான திரை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் இதையேதான் சொன்னார்.

அடுத்து, ஏன் திரையையும் கணினியையும் பிரித்தே வாங்கச் சொல்கிறேன் என்பது. இரண்டும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. நல்ல மானிட்டர் பத்து வருடம் உழைக்கும். கணினி ஐந்தாறு வருடத்தில் பின்தங்கிவிடும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டால், கணினி பின்தங்கும் நாளில் நன்றாக இருக்கும் திரையும் சேர்ந்து மூலைக்குப் போகும். அல்லது திரையில் கோடு விழுந்த நாளில் நல்ல கணினி மூலைக்குப் போகும்.

இது புதிய யோசனை இல்லை. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்விக்காக கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்த கணினி பிபிசி மைக்ரோ. விசைப்பலகைக்குள்ளேயே கணினி, நினைவகம் 32 கிலோபைட். திரை தனி, டிவி பெட்டியில்கூட மாட்டிக்கொள்ளலாம். மாறாக, ஆல் இன் ஒன் என்ற வடிவத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக், 1998-இல் வந்தது. 2009-இல் வந்த 27 அங்குல ஐமேக்கை வேறு கணினிக்கு வெறும் திரையாகவும் பயன்படுத்த முடிந்தது. 2014-இல் 5கே திரை வந்தபோது அந்த வசதி போய்விட்டது. 2022 மார்ச்சில் அந்த நிறுவனமே 27 அங்குல ஐமேக்கை நிறுத்திவிட்டு, கணினியைத் தனியாகவும் 27 அங்குலத் திரையைத் தனியாகவும் விற்க ஆரம்பித்தது. சிறிய 24 அங்குல ஐமேக் மட்டும் தொடர்கிறது. லட்சக்கணக்கில் விலை போகும் அந்தப் பொருளை நாம் வாங்கப் போவதில்லை. ஆனால் பழைய ஐமேக் வைத்திருந்தவர்கள் அருமையான திரை கண்ணெதிரே இருந்தும் வேறு கணினிக்கு மாட்ட முடியாமல் திண்டாடியது, ஆல் இன் ஒன் வாங்கும் எல்லோருக்கும் பொருந்தும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எச்.டி.எம்.ஐ. உள்வாங்கும் வழி இருக்கிறதா?" பின்னால் துளை இருக்கிறது என்று காட்டுவார். பெரும்பாலும் அது வெளியே அனுப்பும் துளை. உள்வாங்கும் துளை இருந்தால், கணினி செத்தாலும் திரை பிழைக்கும்.

இது சங்கரன்கோவில் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்தால் பஞ்சு வரும். அந்தத் தெருக்களையொட்டிய பள்ளிகளில் கணினியின் விசிறி அந்தப் பஞ்சைத்தான் உள்ளே இழுக்கிறது. விசிறி அடைத்துக்கொண்டால் சூடேறும், சூடேறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சில நேரம் அணைந்தும் போகும். நாம் வைரஸ் என்று நினைத்துக்கொண்டிருப்போம். சாதாரண மானிட்டரில் விசிறியே கிடையாது. மடிக்கணினியில் உண்டு, ஆனால் நம் ஊர்க் கடையிலேயே பின்மூடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆல் இன் ஒன்னில் விசிறி திரைக்குப் பின்னால் இருக்கும். சில மாடல்களில் அதைத் தொட வேண்டுமானால் முன்பக்கத் திரையையே நெம்பிக் கழற்ற வேண்டும். கடைக்காரரே "திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க சார்" என்பார். அத்தனை பெரிய பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் வருவது யார்? நாம்தான். சனிக்கிழமை, சொந்தக் காசில்.

மின்சாரமும் அப்படித்தான். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. அறிவிப்பில்லாமல் போவதும் உண்டு. மடிக்கணினியோடு மானிட்டர் வைத்திருந்தால், கரண்ட் போனதும் மானிட்டர் அணையும். வேலை மடிக்கணினியின் பேட்டரியில் தொடரும். ஆல் இன் ஒன்னில் பேட்டரி கிடையாது, யு.பி.எஸ். தனியாக வாங்க வேண்டும், அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விலைப்புள்ளியில் இந்தச் செலவு இருக்காது.

இவ்வளவு சொன்னதால் ஆல் இன் ஒன்னே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் உருப்படியான கணினி ஒன்றுகூட இல்லை, அலுவலக அறையில் சின்ன மேசைதான், கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தே வேண்டும், மூன்று வருடம் பள்ளிக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதம் எழுத்தில் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். கேபிள்களைப் பிடுங்கிப் பார்க்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள அறைக்கும் அது வசதி. ஆனால் அப்போதும், மானிட்டரும் உள்ளங்கை அகல மினி கணினியும் தனித்தனியாக என்ன விலை என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். மானிட்டரின் முதுகில் நான்கு திருகு துளைகள் இருக்கும். அதில் மினி கணினியை மாட்டிவிட்டால் முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஆல் இன் ஒன் மாதிரியேதான் தெரியும். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றலாம்.

புதுக் கணினி வாங்கியே ஆக வேண்டிய ஒரு நிலைமையும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். 2018-க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகள் அந்தப் பட்டியலில் இல்லை. மாணவர் விவரங்களைக் கையாளும் கணினி பாதுகாப்பு இல்லாமல் இணையத்தில் இருப்பது நல்லதில்லை. அப்படிப்பட்ட பழைய கணினிக்குப் பெரிய மானிட்டர் வாங்கி மாட்டுவதற்கு முன் அதன் கதி என்ன என்று முடிவு செய்ய வேண்டும். லினக்ஸ் போடலாம். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம்மில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. எமிஸ் பிரவுசரில்தான் ஓடுகிறது, வீடியோவும் பிரவுசரில் ஓடும். லினக்ஸுக்கு மனம் வரவில்லை என்றால், அப்போது கணினியை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் மானிட்டர் வீணாகாது, புதுக் கணினிக்கும் அதையே மாட்டலாம்.

இப்போது அந்தத் தலைமையாசிரியை உடனே ஒப்புக்கொள்ளாத காரணம். "சார், பணம் கொடுத்த பிள்ளைங்க ஆண்டு விழாவுக்கு வருவாங்க. ஐம்பதாயிரத்துக்குப் பளிச்சுன்னு ஒரு கம்ப்யூட்டர் நின்னா சந்தோஷப்படுவாங்க. பழைய லேப்டாப்புக்குள்ள போட்ட எஸ்.எஸ்.டி.யை எப்படிக் காட்டுறது?"

நன்கொடையில் நடக்கும் நம் பள்ளிகளின் உண்மையான சிக்கல் இது. கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் பணம் வருகிறது. பெயர் எழுதிய பீரோ வரும், சுவர்க் கடிகாரம் வரும், பழுது பார்க்கப் பணம் வராது. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: கொடுத்தவர்களிடமே கேட்டுவிடுங்கள். கேட்டார். அந்தக் குழுவில் ஒருவர் தறி வைத்திருப்பவர். "தறியில ஒரு பாகம் போனா அந்தப் பாகத்ததான டீச்சர் மாத்துவோம், தறியவா மாத்துவோம்?" என்றாராம். நான் அரை மணி நேரம் போனில் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மடிக்கணினி விண்டோஸ் 11 ஏற்கக்கூடியதுதானா என்று பார்த்துக்கொண்டார்கள், ஏற்கும். எஸ்.எஸ்.டி. மாற்றி, நினைவகத்தையும் 8 ஜிபி ஆக்கினார்கள். 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினார்கள். வகுப்பில் ஒரு பக்கமாக, அந்த மாணவிக்கு முகத்துக்கு நேரே. 24 அங்குலம் ஒன்று ஆசிரியர்களின் பதிவு வேலைக்கு. மீதியில் நூலக மூலைக்கு மின் இணைப்புச் சரி செய்தார்கள். நன்கொடைக் கணக்கு முழுவதும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டப்பட்டது.

நான் போய்ப் பார்த்த அன்று அந்தப் பிள்ளை சமூக அறிவியல் பாடத்தில் தமிழ்நாட்டு வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தாள். உருப்பெருக்கியை நகர்த்தி நகர்த்தித் தென்காசியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நம் ஊருக்கு வந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் "இன்னும் மேல, இன்னும் மேல" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். விலைப்புள்ளி கேட்கும்போது "24 இஞ்ச் மானிட்டர்" என்று மட்டும் எழுதாதீர்கள். 1920-க்கு 1080 புள்ளிகள், ஐ.பி.எஸ். வகைத் திரை, எச்.டி.எம்.ஐ. இணைப்பு, கேபிள் உட்பட, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதுங்கள். ஐ.பி.எஸ். ஏன் என்றால், பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் நிறம் மங்காமல் தெரியும். மானிட்டருக்குப் பதில் 32 அங்குல டிவி மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அந்த அளவு டிவிகளில் பல 1366-க்கு 768 புள்ளிகள்தான். படம் பார்க்கப் போதும், அருகில் உட்கார்ந்து எழுத்தைப் படிக்கக் கண் வலிக்கும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, மானிட்டர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்திருக்கிறது. பழைய விலைப்புள்ளியை வைத்துக்கொண்டு யாராவது வந்தால் புதிதாகக் கேளுங்கள்.

மானிட்டர் வந்தபின் ஒரு பழக்கம் முக்கியம். விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தினால் இரண்டு திரையையும் ஒன்றுபோல் காட்டுவதா, நீட்டித்துக் காட்டுவதா என்று கேட்கும். பிள்ளைகள் எதிரில் இருக்கும்போது நீட்டிப்பையே தேர்ந்தெடுங்கள். பாடம் பெரிய திரையில் இருக்கட்டும், எமிஸ் உங்கள் திரையில் மட்டும் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் ஆதார் எண்ணையும் சாதியையும் அப்பாவின் வருமானத்தையும் வகுப்பே படிக்கும்படி திறந்து வைக்கக் கூடாது.

பக்கத்து அறையில் இரண்டு மடிக்கணினிகளும் ஒரு மானிட்டரும் வைத்திருக்கிறோம். உங்கள் பள்ளி மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் முதலில் அதன் இடதுபக்கமும் வலதுபக்கமும் திருப்பிப் பாருங்கள். தட்டையான சின்னத் துளை எச்.டி.எம்.ஐ., பதினைந்து ஊசித் துளைகள் உள்ள அகலமானது வி.ஜி.ஏ. பழையவை சிலவற்றில் வி.ஜி.ஏ. மட்டும்தான் இருக்கும், புது மானிட்டர் சிலவற்றில் அது இருக்காது. அப்படியானால் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். எது இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், மாட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.